குழுவில் உள்ள கணினியை நிறுத்தினால் செலவு குறையாது

அமேசானின் மேகக் கணினிச் சேவையில், கணினிகளின் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் குழுவில் உள்ள மெய்நிகர் கணினிகளை இரவில் நாமே நிறுத்திவிட்டால் செலவு மிச்சமாகும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சிலர் அதை வழிமொழிந்தும் உள்ளனர். பணிவுடன் ஒரு திருத்தம். வழக்கமான அமைப்பில், நிறுத்தப்பட்ட கணினியை அந்தக் குழு பழுதானதாகவே கருதி, அதை அடியோடு நீக்கிவிட்டு, குறித்துவைத்த எண்ணிக்கையை எட்டுவதற்காகப் புதிய ஒன்றைத் தொடங்கிவிடும். சோதனைக் குழுவொன்றில் ஒரு கணினியை நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து அக்குழுவின் 'ஆக்டிவிட்டி' பக்கத்தைத் திறந்தால், நீக்கியதும் தொடங்கியதும் காரணத்தோடு பதிவாகியிருப்பதை எவரும் பார்க்கலாம். குறைக்க வேண்டியவை குழுவின் குறைந்தபட்ச எண்ணிக்கையும் விரும்பும் எண்ணிக்கையுமே. அதற்கு நேர அட்டவணை போடுபவர்கள் நேர வலயத்தைச் சிங்கப்பூர் என்று குறிப்பிடவும். இல்லையேல் யூடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில், இரவு 10 மணிக்கென்று போட்டது இங்கே காலை 6 மணிக்குத்தான் நடக்கும்.