உள்ளே பூரா ஓப்பன் சோர்ஸ்தானுங்க

போன மாதம் கருமத்தம்பட்டி பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்கு அறுபதைத் தாண்டிய வயது. மேஜை மேல் கரண்டு மீட்டர்களைப் படிக்கும் பெட்டிக்கான ஒரு மெயின்டனன்ஸ் கொட்டேஷன், அதன் மேல் அவருடைய கண்ணாடி, பக்கத்தில் ஆறிப்போன டீ.

"ஏனுங் தம்பி, இத வாங்கறப்ப உள்ள பூரா ஓப்பன் சோர்ஸ்தானுங்க, நாளைக்கு யாரு வேணாலும் பாத்துக்கலாமுங்கன்னு சொன்னாங்க. இப்ப வருச மெயின்டனன்ஸ ரெண்டர மடங்கு ஏத்தீட்டாங்க. வேற ஆளக் கூட்டியாந்தா, அந்தப் பொட்டிய எங்களால படிக்க முடியாதுங்கறாங்க. அப்பறம் ஓப்பன்னா என்னங்க அர்த்தம்?"

சிக்கல் என்னவென்றால், விற்றவர்கள் பொய் சொல்லவில்லை.

மில்லில் பஞ்சுக்கு அடுத்து பெரிய செலவு கரண்டு. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் போகிறது, அதாவது யூகேஜி எவ்வளவு என்று ஸ்பின்னிங் மாஸ்டர் தினமும் பார்ப்பார். அதற்காக ஒவ்வொரு ரிங் ஃபிரேம் பேனலிலும் ஒரு எனர்ஜி மீட்டர். மீட்டர்களைப் படித்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்ப நடுவில் ஒரு பெட்டி. அந்த நடுவாந்திரச் சமாச்சாரத்துக்குத்தான் எங்கள் தொழிலில் மிடில்வேர் என்று பேர். பெட்டிக்குள் இருந்தது மஸ்கிட்டோ என்ற மெசேஜ் புரோக்கர். சுத்தமான ஓப்பன் சோர்ஸ், எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் வருவது, யார் வேண்டுமானாலும் இறக்கிக் கொள்ளலாம். அது பேசும் எம்க்யூடிடி நெறிமுறையும், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் முறையும் (புரோட்டோகால்), ஓப்பன் ஸ்டாண்டர்டு. எல்லாம் சரி. ஆனால் அந்த புரோக்கர் வழியாகப் போகும் செய்திக்குள் இருப்பது விற்றவர்கள் சொந்தமாகச் செய்துகொண்ட பைனரி. எந்த பைட் வோல்டேஜ், எந்த பைட் யூனிட் என்பதற்கு ஒரு காகிதம் கிடையாது. கவர் தபாலாபீஸ் கவர்தான். உள்ளே இருக்கும் கடுதாசிதான் அவர்களுக்கு மட்டும் புரியும் பாஷை.

மெசேஜ் புரோக்கர் என்று நான் சொன்னதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூல் புரோக்கர் மாதிரிங்களா? இதுக்கும் கமிசன் உண்டுங்களா?" திருப்பூருக்கும் சோமனூருக்கும் நூல் விற்கிற மனிதரிடம் இதைவிட எளிதாக விளக்க முடியாது. ஆமாங்க, அதேதான். விற்கிறவருக்கு வாங்குகிறவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை, வாங்குகிறவருக்கும் அப்படியே. புரோக்கரிடம் சொன்னால் போதும். கமிஷன் இல்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு யோசித்தால், அவர் கட்டுகிற மெயின்டனன்ஸ் என்ன, கமிஷன்தானே!

மீதியை அவரே பிடித்துக்கொண்டார். "அட, இது காலம் பைப் கதைதானுங்க!" போர்வெல் மோட்டரோடு இறங்கும் பைப் அது, அவர் தோட்டத்து போர்வெல்லில் நடந்த கதை. சப்மெர்சிபிள் மோட்டரை ஏற்றும்போது ஒரு பைப் வெடித்துவிட்டது. வேறு கம்பெனி பைப்பை வாங்கிவந்தால் மரை சேரவில்லை. அளவு அதே அளவு, பைப்பும் நல்ல பைப், மரை மட்டும் வேறு. கடைசியில் லேத்தில் கொடுத்து ஒரு அடாப்டர் கடைந்து போட்டார்களாம். நான் பதினாறு வருஷமாகச் செய்வதும் அந்த அடாப்டர் கடைகிற வேலைதான். எல்லோரும் ஒரே மரை போட்டுவிட்டால் என் பிழைப்பில் பாதி போய்விடும். இதையும் சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன்.

ஓப்பன் சோர்ஸ், ஓப்பன் ஸ்டாண்டர்டு இரண்டையும் நம் ஆட்கள் ஒரே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். மத்திய அரசுகூட இரண்டுக்கும் தனித்தனிக் கொள்கைதான் வைத்திருக்கிறது: மின்னாளுமைக்கான திறந்த தரக் கொள்கை 2010-இல், ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கொள்கை 2015-இல். முதலாவது இரண்டு சிஸ்டம் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டாவது ஒரு மென்பொருளின் உள்ளே என்ன இருக்கிறது, அதில் யார் கை வைக்கலாம் என்பதைப் பற்றியது. கொட்டேஷன் வாங்குகிறவர்கள் இரண்டாவதை மட்டுமே கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது முதலாவதை. இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பெட்டி வைத்தால் என் மீட்டரும் என் கம்ப்யூட்டரும் அப்படியே வேலை செய்யுமா? இதற்கு நேரான பதில் வராவிட்டால், சோர்ஸ் கோடைப் பிரிண்ட் எடுத்து மாலை போட்டு மாட்டி வைத்தாலும் பிரயோஜனமில்லை.

ஸ்டாண்டர்டு என்று எழுதி ஒட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த மில்லின் மீட்டர்கள் பேசுவது மாட்பஸ் என்ற நெறிமுறை. மோடிகான் கம்பெனி 1979-இல் வெளியிட்டது, தொழிற்சாலை உலகத்தில் இதைப்போல எங்கும் பரவிய ஒன்றைப் பார்ப்பது கடினம். இலவசம், எளிமை. ஆனால் எண்களுக்கு அது வரையறுப்பது 16 பிட் ரெஜிஸ்டர்களை, அதாவது எண் வைக்கும் சின்ன அறைகளை, மட்டும். தசம எண்ணை எப்படி வைப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே 230 வோல்ட் என்பதை மீட்டர் கம்பெனிகள் இரண்டு ரெஜிஸ்டராகப் பிய்த்து அனுப்புகின்றன. ஒரு கம்பெனி 17254, 0 என்று அனுப்பும். இன்னொன்று 0, 17254 என்று அனுப்பும். வரிசை மாறிப் படித்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் திரையில் 0.00 தெரியும். நாங்கள் புதிதாக வைத்துப் பார்த்த பெட்டியில் பதினோரு மீட்டர் 0.00 காட்டியது. எலக்ட்ரீசியன் பையன் ஃபியூஸ் போயிருச்சுங்கண்ணா என்று பேனல் பேனலாகத் திறந்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். எல்லா இடத்திலும் கரண்டு ஜம்மென்று இருக்கிறது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். ஸ்டாண்டர்டு விட்டுவைத்த ஒரு சின்ன ஓட்டை, ஒரு நாள் கூலி.

எம்க்யூடிடியும் அதே ரகம்தான். 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிக்க உருவாக்கியது. சாட்டிலைட் இணைப்புக்குக் காசு கொட்ட வேண்டும் என்பதால் பைட்டுக்கு பைட் சிக்கனம். 2014-இல் ஒயேசிஸ் என்ற தர அமைப்பு அதை ஸ்டாண்டர்டாக்கியது. செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே என்ன எழுதலாம் என்பதில் அது தலையிடாது. அந்தக் குறையைத் தீர்க்க ஸ்பார்க்பிளக் என்று ஒன்று அப்புறம் வந்தது, அதிலும் நிப்பரின் கை உண்டு. மில்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. (இதே மில்லில் லேபிள் சாஃப்ட்வேரில் இருந்து வந்த தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து சேர்ந்தன. பழைய ஃபான்ட் குறியேற்றம். யூனிகோடை ஏற்றுக்கொண்டு தமிழக அரசு ஆணை போட்டது 2010 ஜூன் செம்மொழி மாநாட்டின்போது, அதுவும் நம்ம கோயமுத்தூரில். மாநாட்டுக்கு ரோடெல்லாம் புதுசாகப் போட்டது மட்டும்தான் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது.)

சரி, அடுத்தவர் குறையையே எவ்வளவு நேரம் பேசுவது. நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் வேறு வேறு யூனிட்டில். ஆர்டர் தகவல் யூனிட்டுகளுக்குள் சரியாக ஓட வேண்டும். ரேபிட்எம்க்யூ என்ற மெசேஜ் புரோக்கரைப் போட்டேன். ஓப்பன் சோர்ஸ், ஏஎம்க்யூபி என்ற திறந்த நெறிமுறை, இரண்டு கால்களும் தரையில் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மூன்று வருஷம் கழித்து அவர்கள் வேறு கிளவுடுக்கு மாற முடிவு செய்தார்கள். அங்கே இருந்த மெசேஜ் சேவையும் ஏஎம்க்யூபி பேசும் என்று போட்டிருந்தது. ஒரு நாள் வேலைங்க என்று வாய் கூசாமல் சொன்னேன். இணைத்தால், கதவைத் தட்டியதுமே முகத்தில் அறைந்து சாத்துகிறது.

பேர் ஒன்று, ஆள் வேறு. ஏஎம்க்யூபி கதையே விசித்திரம். 2003-இல் ஜேபிமார்கன் வங்கியில் ஜான் ஓஹாரா ஆரம்பித்தது. வங்கிகள் மெசேஜ் மென்பொருளுக்கு ஒருசில கம்பெனிகளிடம் மாட்டிக்கொண்டு இருந்தன. எவருடைய புரோக்கரும் எவருடைய கிளையன்டோடும் பேசட்டும் என்பது அவருடைய ஆசை. முதல் வரைவை எழுதியதில் பீட்டர் ஹிண்ட்ஜென்ஸின் ஐமேட்டிக்ஸுக்குப் பெரிய பங்கு. ரேபிட்எம்க்யூ 2007-இல் வந்தது, 2008-இன் 0-9-1 பதிப்பைப் பேசிப் புகழ் பெற்றது. கமிட்டி பெருத்தது. ஹிண்ட்ஜென்ஸ் கடுமையாக விமர்சித்துவிட்டு வெளியே போய் ஜீரோஎம்க்யூ என்ற வேறு மெசேஜ் மென்பொருளில் இறங்கினார். 2011-இல் 1.0 வந்தபோது அது கிட்டத்தட்ட புதிய நெறிமுறை. 0-9-1-இல் புரோக்கருக்குள் எக்ஸ்சேஞ்ச், க்யூ, பைண்டிங் என்ற உள் அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. 1.0-இல் அதெல்லாம் இல்லை, இரண்டு முனைகளுக்கு நடுவே செய்தி போவது மட்டும். 2014-இல் ஐஎஸ்ஓ முத்திரை விழுந்ததும் இந்த 1.0-க்குத்தான். ரேபிட்காரர்கள் வெகுகாலம் அதை மேலே செருகிக்கொள்ளும் ஒரு பிளகினாக மட்டுமே வைத்திருந்தார்கள், 2024-இன் 4.0 பதிப்பில்தான் உள்வீட்டுக்குள் சேர்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரு பக்கம், முத்திரை வாங்கிய காகிதம் இன்னொரு பக்கம். நடுவில் நான், திருப்பூரில்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செய்தியைப் பத்து நிமிஷம் தாமதித்து அனுப்ப, ரேபிட்டுக்கே உரிய ஒரு பிளகினை நான் ஆசையாகப் போட்டு வைத்திருந்தேன். ஏஎம்க்யூபி ஸ்டாண்டர்டில் இல்லாத வசதி. ஒரு நாள் வேலை என்றது மூன்று வாரம் ஆனது. மூன்று வாரக் கூலியை நான் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்க வரவில்லை. மில்லுக்குப் பெட்டி விற்றவர்கள் தெரிந்து செய்ததை நான் தெரியாமல் செய்திருக்கிறேன், அவ்வளவு வித்தியாசம்தான்.

அப்படியென்றால் லைசென்ஸ் முக்கியமே இல்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், ஓப்பன் சோர்ஸாக இருந்த தன் லைசென்ஸை இறுக்கியது. சில நாட்களுக்குள் பழைய பிஎஸ்டி லைசென்ஸ் கோடை எடுத்துக்கொண்டு வால்கீ கிளம்பியது, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ். எங்கள் ஆட்கள் செய்த வேலை சர்வர் முகவரியை மாற்றியது மட்டும். சோர்ஸ் திறந்திருந்ததால் வால்கீ பிறந்தது. நெறிமுறை அதேதான் என்பதால் எங்கள் புரோகிராமுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த நெறிமுறையை எந்தத் தரக் கமிட்டியும் அச்சடித்ததில்லை. காஃப்கா என்ற மெசேஜ் மென்பொருளும் அப்படித்தான். அதன் நெறிமுறையைப் பார்த்து ரெட்பாண்டா மாதிரி வேறு ஆட்கள் முழுப் புரோக்கரையே எழுதிவிட்டார்கள். கமிட்டி எழுதித்தான் ஸ்டாண்டர்டு ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குக் கிடையாது. எழுதி வைத்திருக்கிறதா, இரண்டாவது ஆள் ஒருவர் அதைப் படித்துச் செய்து காட்டியிருக்கிறாரா, இந்த இரண்டும் போதும் எனக்கு. அந்த இரண்டாவது ஆள் ஓப்பன் சோர்ஸாக இருந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மில் கதைக்கு வருவோம். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டோம். மாட்பஸ்ஸில் படித்து, அதே மஸ்கிட்டோ வழியாக, ஜேசன் என்ற, யாரும் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் அனுப்புகிறோம். எந்த மீட்டருக்கு எந்த ரெஜிஸ்டர், வரிசை நேரா தலைகீழா, எந்த டாபிக்கில் (செய்தித் தலைப்பில்) என்ன வரும் என்று இரண்டு பக்கம் தமிழில் அடித்து, லேமினேட் செய்து பேனல் ரூம் கதவில் ஒட்டியிருக்கிறோம். எலக்ட்ரீசியன் பையன் அதில் பேனாவால் ஒரு திருத்தம்கூடப் போட்டுவிட்டான். அவன் போட்டதுதான் சரி.

செக்கைக் கொடுக்கும்போது முதலாளி கேட்டார்: "தம்பி, நாளைக்கு உங்களயே மாத்தோணும்னா எத்தன செலவாகுமுங்க?"

ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கிறேன்.