பெலேம் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு

லிஸ்பன் போய் வருகிறவர்கள் தவறாமல் போடும் ஒரு படம் இருக்கிறது. ஆற்றங்கரையில், பெலேம் என்கிற இடத்தில், கப்பலின் முகப்பைப் போல நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெரிய வெள்ளைச் சின்னம். நுனியில் இளவரசர் ஹென்றி, பின்னால் வாஸ்கோடகாமா, மகெல்லன், இன்னும் பலர். ஐந்நூறு வருஷப் பழசு என்று நினைத்துத்தான் பலரும் அதன் முன்னால் நிற்கிறார்கள். இல்லை. அது முதலில் எழுந்தது 1940-ல், சர்வாதிகாரி சலாசாரின் அரசு நடத்திய ஒரு கண்காட்சிக்காக, தற்காலிகமாக. இப்போது நிற்பதை 1960-ல் கட்டினார்கள். உங்கள் படத்தில் பின்னால் தெரிவது மாலுமிகளின் காலம் அல்ல, சலாசாரின் காலம்.

இதை ஒரு தகவலாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. போர்த்துக்கீசியர் என்றதும் நம் மனதில் வருவதும் இதே படம்தான்: கப்பல், பீரங்கி, 1498, கோழிக்கோடு. அதோடு பாடம் முடிந்துவிடும். சலாசாரின் ஆட்சி தன் மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன கதையும் கிட்டத்தட்ட இதுதான், என்ன, அவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள், நாம் கசப்போடு சொல்கிறோம். இரண்டிலும் அந்த நாட்டு மக்கள் இல்லை. என்னைக் கேட்டால் அந்த மக்களை அறிய 1498-ஐ விட, சர்வாதிகாரம் விழுந்த 1974-தான் முக்கியமான வருஷம்.

நம் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பரங்கியருக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பீர்கள். 1619-ல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தது, சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றது, 1621-ல் நல்லூர்க் கோயிலை இடித்தது, எதையும் நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் ஒருவர் இருந்தார், அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது. அவர் யூத வம்சத்தில் வந்தவர். அந்த வம்சத்தைக் காரணம் காட்டி ஒரு துறவற சபை அவரை வெளியே அனுப்பியது, அப்புறம்தான் இயேசு சபையில் சேர்ந்தார்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய கொடுமை இருக்கிறது. 1496-ல் மன்னர் மானுவேல் யூதர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார், மறுவருஷமே போகவும் விடாமல் கட்டாயமாக மதம் மாற்றினார். வாஸ்கோடகாமா கிளம்பியதும் அதே 1497-ல்தான். 1506 ஏப்ரலில் லிஸ்பன் வீதிகளில் சில நாட்கள் வெறியாட்டம் நடந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'புதிய கிறிஸ்தவர்'களைக் கொன்றுபோட்டார்கள். 1536-ல் வந்த மத விசாரணை மன்றம் 1821 வரை இருந்தது. பெல்மோந்தே என்ற மலை ஊரில் சில குடும்பங்கள் இத்தனை தலைமுறையும் வெளியே கிறிஸ்தவராகவும் வீட்டுக்குள் யூதராகவும் வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தார்கள். கடலுக்கு அப்பால் என்ன செய்தார்களோ அதைத் தங்கள் வீட்டு வாசலிலும் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

அடிமை வியாபாரத்தைச் சுருக்கிச் சொல்லக் கூடாது. போர்ச்சுகலின் தெற்கே லாகோஸ் என்ற துறைமுக ஊரில் 1444-ல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இறக்கி, கரையிலேயே பங்கு பிரித்தார்கள். தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்டு அழுததை அரசவையின் வரலாற்றாசிரியர் சுராராவே எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் நடந்ததில், அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போர்த்துக்கீசிய, பிரேசில் கப்பல்களில் போனவர்கள். 2009-ல் அதே லாகோஸில் வாகன நிறுத்தம் கட்டத் தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, பழைய குப்பைமேட்டில் வீசப்பட்டவர்கள். எலும்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் வாகன நிறுத்தத்தையும் மேலே சின்ன கோல்ஃப் மைதானத்தையும் கட்டி முடித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, அந்தச் செல்வமெல்லாம் யாருக்குப் போனது? அலெந்தேஜோ சமவெளியில் பண்ணையாருக்குக் கோதுமை அறுத்தவர்களுக்குப் போகவில்லை. 1954-ல் பலெய்சாவோ என்ற ஊரில் கூலி கூட்டிக் கேட்ட கத்தரீனா எவுஃபேமியா என்ற பெண்ணைக் காவல் படை அதிகாரி சுட்டுக் கொன்றார். அவள் சின்னக் குழந்தைகளின் தாய். பேரரசின் தலைநகரைக் கொண்ட நாட்டில் 1970-லும் நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

போர்ச்சுகல் சாப்பாடு என்றால் எல்லோரும் சொல்லும் பக்கல்யாவ் இருக்கிறதே, அதன் கதையும் இப்படித்தான். உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், நம் பாஷையில் கருவாடு. அந்த மீன் அவர்கள் கடலில் இல்லை. அதற்காக இளந்தாரிகள் நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து வரை பாய்மரக் கப்பலில் போனார்கள். விடியும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு சின்ன டோரி படகில் இறக்கிவிடுவார்கள். பனிமூட்டத்துக்குள், குளிர்ந்த கடலில், ஒற்றை ஆள் தூண்டில் கயிறு போட்டு மீன் பிடித்து, படகு நிறையக் கொண்டுவர வேண்டும். மூட்டத்தில் வழி தவறியவர்கள் பலர் திரும்பவில்லை. பிறகு வெட்டி உப்பிடும் வேலை இரவு வரை. மற்ற நாடுகள் இந்த முறையைக் கைவிட்ட பிறகும் 1970-கள் வரை இவர்கள் இப்படித்தான் போனார்கள். சலாசார் அரசு இவர்களைக் கடல் வீரர்கள் என்று பாராட்டியது. பல பருவங்கள் தொடர்ந்து போனால் ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு, அதற்காகவே போனவர்களும் இருந்தார்கள்.

ஏனென்றால் ராணுவம் என்றால் ஆப்பிரிக்கா. 1961-ல் அங்கோலாவில் போர் தொடங்கியது, அதே வருஷ டிசம்பரில் கோவா கையைவிட்டுப் போனது. 1963-ல் கினி (இன்றைய கினி-பிஸ்ஸாவ்), 1964-ல் மொசாம்பிக். மற்ற ஐரோப்பிய நாடுகள் காலனிகளைவிட்டு வெளியேறிய காலத்தில் இந்த ஏழை நாடு மூன்று போர்முனைகளில் பதின்மூன்று வருஷம் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. 8,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள், ஆப்பிரிக்கர்கள் அதைவிடப் பல மடங்கு. 1972 டிசம்பரில் மொசாம்பிக்கின் விரியாமுவில் கிராமத்து மக்களையே கொன்று குவித்தார்கள், அதற்கு ஒரு போர்ச்சுகல் பிரதமர், கோவா வம்சாவளியான அந்தோனியோ கோஸ்டா, மன்னிப்புக் கேட்டது 2022-ல்தான்.

வறுமைக்கும் போருக்கும் தப்பி ஓடினார்கள். 1960-லிருந்து 1974-க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். மொத்த மக்கள்தொகையே 90 லட்சத்துக்குப் பக்கம்தான். பெரும்பாலோர் பிரான்சுக்கு, அதிலும் பாதிக்கு மேல் கள்ளத்தனமாக, இரவில் மலை கடந்து, ஸ்பெயின் வழியாக. இதில் ஒரு பழக்கம் என் நெஞ்சைப் பிசைகிறது. கிளம்புமுன் தன் புகைப்படத்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வீட்டில் விட்டுப் போவார்கள். பிரான்ஸ் போய்ச் சேர்ந்ததும் மற்ற பாதியை அனுப்புவார்கள். இரண்டும் பொருந்தினால்தான் ஆள் கடத்திக்கு மீதிப் பணம். போய்ச் சேர்ந்த இடமும் சொர்க்கமில்லை, பாரிஸுக்குப் பக்கத்தில் ஷாம்பிஞியில் சேற்றிலும் தகரக் கொட்டகையிலும் ஆயிரக்கணக்கானோர் கிடந்தார்கள்.

அப்புறம் 1974 ஏப்ரல் 25. நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷத்தில் வானொலியில் பாடகர் சேக்கா அஃபோன்சோவின் 'கிராந்தொலா' பாட்டு ஒலித்தது, இளம் ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் சைகை. அலெந்தேஜோ உழைப்பாளிகள் கூடிப் பாடும் முறையில் அமைந்த பாட்டு. சந்தரேம் நகரிலிருந்து கவச வண்டிகளோடு வந்த கேப்டன் சல்கெய்ரோ மாயாவுக்கு 29 வயது. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று வானொலி சொல்லச் சொல்ல ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். செலெஸ்தெ கயேரு என்ற உணவக ஊழியர், கடை திறக்காததால் கையில் கார்னேஷன் பூக்களோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் சிகரெட் கேட்க, அது இல்லாமல் பூவைக் கொடுத்தார், அவன் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டான். 48 வருஷச் சர்வாதிகாரம் அன்று மாலைக்குள் விழுந்தது. ரத்தமே சிந்தவில்லை என்பது உண்மையல்ல. ரகசியப் போலீஸ் தன் அலுவலகத்திலிருந்து கூட்டத்தைச் சுட்டு நான்கு பேரைக் கொன்றது. மறுவருஷம் அதே தேதியில் நடந்த தேர்தலில் 91 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பூக்களோடு சேர்த்து ஆப்பிரிக்காவையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய். அந்த அதிகாரிகளுக்குப் பதவி உயர்வுக் குறைகளும் இருந்தன, ஆனால் இந்தப் போரை ஜெயிக்கவே முடியாது என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கினியின் காடுகள். அமில்கார் கப்ரால் அங்கே கட்டிய விடுதலை இயக்கம், 1973 ஜனவரியில் அவர் கொல்லப்பட்ட பிறகும், அதே வருஷம் சுதந்திரப் பிரகடனம் செய்தது. லிஸ்பனின் விடுதலையில் பாதி கினி-பிஸ்ஸாவில் உழைத்துச் சம்பாதித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போர்ச்சுகல் மக்களைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுவதால்தான் இப்போது நடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஃபாடோ என்கிற அவர்களின் சோகப் பாட்டுப் பிறந்த லிஸ்பன் பேட்டைகளில் ஒன்றான மொராரியாவில் இன்று வங்கதேசத்தவரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் கடை வைத்துப் பிழைக்கிறார்கள். 2024 டிசம்பரில் அங்கே பென்ஃபொர்மோசோ தெருவில் போலீஸ் டஜன் கணக்கான ஆட்களைச் சுவரைப் பார்த்துக் கையுயர்த்தி நிற்கவைத்துச் சோதனை போட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசும் ஷேகா கட்சி 18 விழுக்காடு வாக்கு வாங்கியிருந்தது. கிழிந்த புகைப்படத்தோடு எல்லை தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதற்கு வாக்களித்திருப்பார்கள். அடுத்த ஜனவரியில் 'எங்களைச் சுவரில் சாய்க்காதீர்கள்' என்ற முழக்கத்தோடு ஆயிரக்கணக்கானோர் லிஸ்பன் தெருக்களில் நடந்தார்கள், குடியேறிகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்தே. நான் மதிக்கும் போர்ச்சுகல் அந்த ஊர்வலத்தில்தான் இருக்கிறது.

லிஸ்பன் போகிறவர்கள் பெலேமில் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லிஸ்பன் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே அல்ஜூபே இருக்கிறது, சலாசாரின் அரசியல் கைதிகளை அடைத்த சிறை, இப்போது அருங்காட்சியகம். ஒரு ஆள் படுக்க மட்டுமே இடமுள்ள அறைகளைப் பார்க்கலாம். அதற்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.