பொன்னாடைக்கு முன் ஒரு பென்சில்

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஆரம்ப ஜெபம், ஒரு பாமாலை, ஆயரின் வாழ்த்துரை, சபை மூப்பரின் வாழ்த்துரை, நூலாசிரியருடைய தாய்மாமன் வாழ்த்துரை. பொன்னாடைகளை எண்ணினேன், பதினொன்று. பேசியவர்களில் ஒருவர்கூடப் புத்தகத்திலிருந்து ஒரு வரி எடுத்துச் சொல்லவில்லை. முடிவில் பிரியாணிப் பொட்டலம். (பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன், ஆம்பூர் கைப்பக்குவம்.) வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தால், முதல் பக்கத்திலேயே எழுவாய் ஒருமையில் நிற்கிறது, பயனிலை பன்மையில் போகிறது.

எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பாவம், சொந்தக் காசைப் போட்டு அச்சடித்திருக்கிறார். பொன்னாடை கொண்டுவந்த பதினோரு பேரில் ஒருவர், அச்சுக்குப் போகும் முன்பு அந்த முதல் பக்கத்தை மட்டுமாவது படித்திருக்கலாமே என்பதுதான் என் ஆத்திரம்.

எங்கள் கிறிஸ்தவ வட்டாரத்தில் ஊக்கப்படுத்துவது என்றால் தோளைத் தட்டி, "கர்த்தர் உங்களை வல்லமையாய்ப் பயன்படுத்துவார் பிரதர்" என்று சொல்வது. சொல்பவருக்குச் செலவில்லை. கேட்பவருக்கு இரண்டு நாள் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் அவர் கையில் இருப்பது பழைய கையெழுத்துப் பிரதிதான், பழைய பிழைகளோடு.

இருபத்திரண்டு வயதில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகம் எழுதினேன். நாற்பது பக்கம். அப்போது எங்கள் பக்கத்தில் பெயர் பெற்றிருந்த ஒரு மூத்த எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆலய வாசலில் பார்க்கும்போதெல்லாம், "ஜெபத்தில் வைத்திருக்கிறேன் தம்பி" என்பார். எட்டு மாதம் ஜெபத்தில் இருந்தது. திருப்பி வாங்கியபோது பார்த்தேன், நான் ஓரத்தில் நூல் கோத்துப் போட்டிருந்த முடிச்சு போட்டபடியே இருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்காமல் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே முடியாது.

அதே நாடகத்தை ஒரு சனிக்கிழமை, காட்பாடியிலிருந்து பாகாயம் பஸ் பிடித்து, பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியரிடம் கொண்டுபோனேன். ஐயா ஜெபித்தாரா என்று எனக்குத் தெரியாது. படித்தார். நான் உட்கார்ந்திருக்கும்போதே, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, முழுவதையும் படித்தார். நடுவே ஒருமுறை டீ வந்தது. முடித்ததும், தான் வட்டம் போட்ட இடங்களைக் காட்டி, "அற்புதமாக என்ற வார்த்தை பதினேழு இடத்தில் இருக்கிறது தம்பி. ஒரு இடத்திலும் அற்புதம் நடக்கவில்லை" என்றார். திரும்பும்போது பாலாற்றுப் பாலம் தாண்டும் வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நான் நாலு வரி உருப்படியாக எழுதுகிறேன் என்றால், அந்தப் பதினேழு வட்டங்கள்தான் காரணம்.

இதை வேலூரில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் எங்கள் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையை 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். தான் ஒருத்தி எத்தனை பேருக்கு வைத்தியம் பார்க்க முடியும் என்று யோசித்து, 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியே தொடங்கிவிட்டார். இன்றும் வார்டில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் ஒரு மாணவர் கூட்டம் போகும். அவர் கேட்பார், அவர்கள் தடுமாறுவார்கள், நோயாளியின் கண் முன்னாலேயே திருத்துவார். யாரும் அதை அன்பில்லாத செயல் என்று சொல்வதில்லை. வைத்தியத்துக்கு ரவுண்ட்ஸ் வைத்திருக்கும் ஊர், எழுத்துக்குப் பொன்னாடை மட்டும் வைத்திருக்கிறது.

திருத்தலாம் என்று போனாலும் ஒரு சுவர் எழும்பும். "இது ஆவியானவர் கொடுத்த வரி, மாற்ற மாட்டேன்." இதைச் சொல்பவர்களுக்கு நான் பைபிளில் எரேமியா 36ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு சுருளில் எழுதுகிறான். யோயாக்கீம் ராஜா அதை வாசிக்கக் கேட்டு, சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான். பிறகு நடந்ததைப் பாருங்கள். எரேமியா இன்னொரு சுருளைக் கொடுக்கிறார், பாருக்கு மறுபடி உட்கார்ந்து எழுதுகிறான், முதல் சுருளில் இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்கின்றன. தீர்க்கதரிசிக்கே இரண்டாம் பிரதி தேவைப்பட்டது. நம்முடைய நற்செய்திக் கூட்டக் கவிதைக்குத் தேவைப்படாதா?

ஆதிச் சபையில் இருந்த பர்னபாவையும் நினைத்துக்கொள்கிறேன். எருசலேமில் எல்லாரும், முன்பு சபையைத் துன்புறுத்திய பவுலைக் கண்டு பயந்து ஒதுங்கியபோது கையைப் பிடித்து அழைத்துப்போனவர். மாற்கு ஒருமுறை பாதி வழியில் விட்டுப் போனான் என்பதற்காகப் பவுல் அவனைச் சேர்க்க மறுத்தபோது, அந்தப் பவுலோடேயே சண்டை போட்டு மாற்கைத் தன்னோடு கூட்டிப்போனவர். அவர் கைப்பட எழுதியதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு பக்கமும் இல்லை. பவுலின் நிருபங்கள் இருக்கின்றன, மாற்கின் பெயரில் ஒரு சுவிசேஷம் இருக்கிறது. தமிழிலும் இப்படி ஒருவர் உண்டு. திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். அந்தப் பையன்தான் கிறிஸ்தவப் பாடல்கள் பல எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார்.

எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) இருக்கிறார்கள், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) இருக்கிறார்கள், பெந்தெகொஸ்தே சபைத் தம்பி ஒருவன் வருகிறான். முதல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சண்டை, ஒரே சீடரை எங்கள் பைபிள்படி யோவான் என்பதா, ஆர்.சி. வழக்கப்படி அருளப்பர் என்பதா என்று. இரு தரப்புக்கும் பொதுவான பைபிள் மொழிபெயர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆன பிறகும், எங்கள் ஆர்.சி. பெரியவருக்குப் பவுல் இன்னும் சின்னப்பர்தான். விட்டுவிட்டோம். ஆக்ஸ்போர்டில் இருந்த ஆங்கில எழுத்தாளர்களில் டோல்கீன் கத்தோலிக்கர், சி.எஸ். லூயிஸ் ஆங்கிலிக்கன். வியாழக்கிழமை இரவுகளில் லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை உரக்கப் படிப்பார்கள், முகத்துக்கு நேரே குறை சொல்லிக்கொள்வார்கள். லூயிஸ் விடாமல் நச்சரித்திராவிட்டால் "லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" என்ற தன் பெரிய கதையை முடித்திருக்கவே மாட்டேன் என்று டோல்கீனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பாராட்டியவர்களை அல்ல, நச்சரித்தவரைத்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

எங்கள் கூட்டத்துக்குக் குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா வருகிறார். பீடி சுற்றுகிறவர். முதலில் அவர் கொண்டுவந்தது, கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்லும் இரண்டு பக்கச் சாட்சி. "கர்த்தர் என்னைக் கடினமான பாதையில் அதிசயமாய் நடத்தினார்" என்று தொடங்கி, அதே சத்தத்தில் முடிந்தது. அந்தத் தமிழாசிரியர் ஐயாவிடம் கற்ற கேள்வியைத்தான் கேட்டேன்: "அக்கா, என்ன பாதை? அன்றைக்குக் காலையில் என்ன செய்தீர்கள்?"

அடுத்த மாதம் வேறு இரண்டு பக்கம் வந்தது. ராத்திரியே நனையப்போட்ட இலையை ஈரத்துணியில் சுற்றி வைப்பது. மடியில் முறம். தகடு வைத்துக் கத்தரியால் வெட்டும்போது விரலில் காய்த்துப்போன இடம். இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு, நாற்பது கட்டுக்கு ஓர் ஆயிரம். ஞாயிறு காலை நற்கருணைக்குக் கை நீட்டும்போது, மூன்று முறை சோப்புப் போட்டும் புகையிலைத் தூள் வாசனை போகாததால், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றது. கர்த்தர் என்ற சொல் அந்த இரண்டு பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. படித்து முடித்தபோது பெந்தெகொஸ்தே தம்பிகூட அல்லேலூயா சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த அக்கா இப்போது மற்றவர்கள் பக்கங்களையும் படிக்கிறார். என்னைவிடக் கறார். போன சனிக்கிழமை காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் புதிதாக வந்து, சிருஷ்டிப்பின் மகிமை பற்றி நாற்பது வரிக் கவிதை வாசித்தான். குரல் நன்றாக இருந்தது. நான் பாராட்ட வாயெடுப்பதற்குள் அக்கா கேட்டார்: "தம்பி, பசுமை போர்த்திய மலைகள் என்று எழுதியிருக்கிறாயே, நம் வேலூரில் எந்த மலையப்பா பச்சையாக இருக்கிறது?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது. பையனுக்கு முகம் சுருங்கிப்போனது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். நல்ல வேளை, வந்தவுடனேயே அவன் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். நாளைக் காலை கூப்பிட வேண்டும். இருபத்தெட்டாவது வரி உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை முதலில் சொல்லிவிட்டு, மலைக்கு அப்புறம் வரலாம் என்று இருக்கிறேன்.