தோற்றுப்போன மசோதாவும் வீட்டுச் சுவரில் ஏறிய பேட்டரியும்

சுயேச்சைக்குப் போடும் ஓட்டு வீண் ஓட்டு என்று நம் ஊரில் சொல்வார்கள். பருவநிலை, மின்சாரம் போன்ற பெரிய விஷயங்களில் ஒற்றை உறுப்பினரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பதும் அதோடு சேர்ந்தே வரும். இதை நான் ஏற்கவில்லை. காரணம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வடகிழக்கு மூலையில் இருக்கும் இண்டி நாடாளுமன்றத் தொகுதி.

2013இல் அங்கே கேத்தி மெகோவன் என்ற சுயேச்சை 439 ஓட்டில் ஜெயித்தார். ஊர் ஊராக வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே கட்டிய ஆதரவு அது. 2019இல் அதே இடத்துக்கு வந்த இன்னொரு சுயேச்சை ஹெலன் ஹெய்ன்ஸ். செவிலியராகவும் பிரசவம் பார்ப்பவராகவும் வேலை செய்தவர். இவர் பருவநிலையை விவசாயி, சிறு ஊர்க்காரர், கரண்ட் பில் கட்டுபவர் என்ற பக்கத்திலிருந்து பார்த்தார். மேடையில் இலக்கு வருடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், சட்ட வரைவைக் கையோடு எழுதிக் கொண்டுபோனார்.

அதில் ஒன்று வீட்டு பேட்டரிக்கான மசோதா. அங்கே கூரை சோலாருக்கு மானியம் சான்றிதழ் வழியாக வருகிறது. பேனல் மாட்டினால் இத்தனை சான்றிதழ் என்று கணக்கு. பொருத்தும் கம்பெனியே அதை எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துவிடும். மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் அந்தச் சான்றிதழ்களைச் சட்டப்படி வாங்கியே ஆகவேண்டும். 40 லட்சத்துக்கு மேற்பட்ட கூரைகளில் சோலார் ஏறியது இந்த ஏற்பாட்டால்தான். ஹெய்ன்ஸ் கேட்டது, இதே சட்டத்தில் பேட்டரியையும் சேருங்கள் என்பதுதான். புது இலாகா வேண்டாம், மக்கள் நிரப்ப புது விண்ணப்பமும் வேண்டாம். மசோதா நிறைவேறவில்லை. சில வருடம் கழித்து, 2025 ஏப்ரலில் தேர்தல் நேரத்தில், ஆளும் லேபர் கட்சி 230 கோடி டாலரில் ஒரு திட்டம் அறிவித்தது. அதே சான்றிதழ் வழி. பெயரும் அவர் மசோதாவுக்கு வைத்ததேதான்: 'மலிவான வீட்டு பேட்டரி'. ஜூலை 1இல் தொடங்கி, அந்த வருடம் முடிவதற்குள் ஒரு லட்சம் வீடுகளைத் தாண்டிவிட்டது.

கணக்கு எப்படி என்றால், 2025இல் பயன்படுத்தக்கூடிய ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 9.3 சான்றிதழ். 10 யூனிட் பேட்டரிக்கு 93. ஒரு சான்றிதழ் 40 டாலருக்குக் கொஞ்சம் கீழே போகும். ஆக ஏறக்குறைய 3,500 டாலர் தள்ளுபடி, அதாவது மொத்தச் செலவில் சுமார் 30 சதவீதம்.

சறுக்கியதும் இந்தக் கணக்கில்தான். முதல் 50 யூனிட் வரை ஒரே விகிதம் என்று வைத்தார்கள். சாதாரண வீட்டுக்கு மாலையிலிருந்து விடியும் வரை 10, 15 யூனிட் போதும். ஆனால் பெரிய பேட்டரிக்குப் பெரிய தள்ளுபடி என்றால் விற்பவர் பெரியதைத்தானே காட்டுவார்? 40 யூனிட், 50 யூனிட் என்று மாட்டினார்கள். பேட்டரி சான்றிதழுக்கான பணம் அரசு கஜானாவிலிருந்து போகிறது என்பதால் ஒதுக்கீடு கரைந்தது. டிசம்பரில் அதை 720 கோடியாக உயர்த்தி, 2026 மே 1 முதல் படிநிலை வைத்தார்கள்: முதல் 14 யூனிட்டுக்கு முழு மானியம், 14 முதல் 28 வரை 60 சதவீதம், அதற்கு மேல் 50 வரை 15 சதவீதம். தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டிய வரம்பு இது. பேட்டரிக்கு மானியம் யோசிக்கும் எந்த அரசும் இந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும்.

கிராமத்துத் தொகுதி உறுப்பினர் பேட்டரியை ஏன் இவ்வளவு வற்புறுத்தினார்? அங்கே உள்ளடங்கிய பண்ணைகளுக்குப் போவது ஒற்றைக் கம்பி லைன். கரண்ட் திரும்பும் பாதை மண்தான். நல்ல வெயிலில் நாலு பண்ணை சேர்ந்து சோலாரை லைனுக்குள் தள்ளினால் வோல்டேஜ் ஏறும். சராசரி 258 வோல்ட்டைத் தாண்டினால், பேனல் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். மதியம் பளீரென்று வெயில் அடிக்கும், கூரையில் உற்பத்தி பூஜ்யம். அப்படியே வெளியே போனாலும் விலை கிடைக்காது. ஒரு காலத்தில் விக்டோரியாவில் யூனிட்டுக்கு 60 சென்ட் கொடுத்தார்கள். 2025-26இல் குறைந்தபட்ச விலை 0.04 சென்ட். அந்த மதிய மின்சாரத்தைப் பிடித்து இரவுக்கு வைக்க பேட்டரியை விட்டால் வேறு வழியில்லை.

அடுத்தது காட்டுத்தீ. 2019-20 கோடையில் இதே தொகுதியின் கொரியோங் ஊர் தீயில் துண்டிக்கப்பட்டுக் கரண்ட் இல்லாமல் கிடந்தது. பலர் கவனிக்காத விஷயம், கிரிட், அதாவது ஊர் லைனில் வரும் கரண்ட், போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பேட்டரி வாங்கினால் மட்டும் இது தீராது. பேக்கப் வசதியுள்ள இன்வெர்ட்டர் வேண்டும். ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் மோட்டார் போகும் சர்க்யூட்டைப் போர்டில் தனியாகப் பிரித்துப் போட வேண்டும். விலைப்பட்டியலில் அந்த வரி இல்லையென்றால் கரண்ட் போகும் இரவில் பேட்டரி நிறைய சார்ஜ் இருக்க, வீடு இருட்டில் இருக்கும். இடமும் முக்கியம். படுக்கையறை, ஹால் போன்ற அறைகளுக்குள் கூடாது, மாடிப்படிக்கு அடியிலும் கூடாது. மாட்டும் சுவருக்குப் பின்னால் அப்படி ஒரு அறை இருந்தால் நடுவில் தீப்பிடிக்காத பலகை கட்டாயம்.

ஒரு சுயேச்சையின் பலம் எண்ணிக்கையில் இல்லை, தயாராக வைத்திருக்கும் வரைவில் இருக்கிறது. தொங்கு நாடாளுமன்றம் வந்தால் அந்தப் பலம் பல மடங்காகும். 2010இல் டோனி வின்ட்சர், ராப் ஓக்‌ஷாட் என்ற இரண்டு கிராமப்புறச் சுயேச்சைகளின் ஆதரவில்தான் பிரதமர் ஜூலியா கிலார்ட் ஆட்சி நின்றது. அந்த அவையில்தான் புகை வெளியிடும் பெரிய நிறுவனங்கள் கட்ட வேண்டிய கார்பன் விலையும், தூய மின்திட்டங்களுக்குக் கடன் கொடுக்க 1,000 கோடி டாலர் மூலதனத்தோடு தூய எரிசக்தி நிதிக் கழகமும் சட்டமாயின. 2014இல் அடுத்த ஆட்சி கார்பன் விலையை ரத்து செய்தது. நிதிக் கழகத்தையும் மூடப் பார்த்தது. சட்டத்தால் உருவான அமைப்பு என்பதால் மேலவையான செனட் சம்மதிக்காமல் மூட முடியவில்லை. இன்றும் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அரசாணையாக மட்டும் இருந்திருந்தால் ஒரே கையெழுத்தில் போயிருக்கும்.

இது நமக்கும் புதிதல்ல. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. அரசு அல்லாமல் ஓர் உறுப்பினர் தானே கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையைத் தாண்டியே பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. சட்டமானது அவருடையது அல்ல; 2019இல் அரசு தன் சொந்த மசோதாவைத்தான் சட்டமாக்கியது. ஆனால் அந்தக் கதவைத் தட்டியது அவர் மசோதா.

ஹெய்ன்ஸ் கேட்டதில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. பேட்டரி மானியம் சொந்தக் கூரை இருப்பவருக்குத்தான் பயன்படும். வாடகை வீட்டுக்காரரும், தள்ளுபடி போக மீதி ஆயிரக்கணக்கான டாலரைப் புரட்ட முடியாதவரும் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கான வழி அவருடைய 2021 மசோதாவில் இருந்தது: ஊர் ஊராக மின்திட்டம் போடத் தொழில்நுட்ப உதவி தரும் ஒரு அமைப்பு, வெளியிலிருந்து வரும் பெரிய சோலார், காற்றாலைத் திட்டங்களில் 20 சதவீதப் பங்கை அந்த ஊர்க்காரர்கள் முதலீடு செய்ய முன்வைக்க வேண்டும் என்ற கட்டாயம். இண்டியில் யாக்கன்டன்டா என்ற சின்ன ஊர், பழைய மரம் அறுக்கும் மில்லில் 274 யூனிட் பொது பேட்டரியை அதே 2021இல் ஓட்டியே காட்டிவிட்டது. பேட்டரியை எடுத்துக்கொண்ட அரசு அந்த 20 சதவீதத்தை இன்னும் தொடவில்லை.