வணிகத்துக்குத் தடை போட்டு யாரைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

கிராமத்து நூலகங்களுக்கான மென்பொருளுக்கு நம் அறக்கட்டளை வெளியிட்ட புதிய உரிம அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி சேர்த்ததும் கிராமத்து நூலகங்களெல்லாம் பிழைத்துக்கொண்டனவாம். நேற்றிலிருந்து ஒரே வாழ்த்து மழை. அந்த நூலக மென்பொருளின் தமிழ் மெனுக்களை நாங்கள் சில பேர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியிருக்காவிட்டால் நானும் வாழ்த்தியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நன்கொடைப் பணத்திலும் தன்னார்வலர் உழைப்பிலும் உருவான மென்பொருளுக்கு ஜிபிஎல் மாதிரி, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம் என்கிற கட்டற்ற உரிமம்தான் பொருந்தும். வணிகத்துக்குத் தடை போட்டால் அது ஓப்பன் சோர்ஸே கிடையாது, அதாவது மூலநிரலை (புரோகிராமர் எழுதிய வரிகளை) எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் ஆகாது. எந்தத் துறையிலும் பயன்படுத்தத் தடை கூடாது, வியாபாரம் உட்பட என்பது ஓப்பன் சோர்ஸ் வரையறையின் ஆறாவது விதி. இவர்கள் எடுத்து ஒட்டியிருப்பதோ கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு எழுத்து, படம், பாட்டு மாதிரியானவற்றுக்கென்று உருவாக்கிய உரிமம். தங்கள் உரிமங்களை மென்பொருளுக்குப் போட வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. அதையாவது படித்திருக்கலாம்.

கோஹா என்ற நூலக மென்பொருளின் கதை தெரியுமா? நியூசிலாந்தில் லெவின் என்ற சின்ன ஊரில் இருந்த ஹொரொஃபெனுவா நூலக அறக்கட்டளை 1999-இல் எழுதவைத்தது அது. பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நிலை. புதியது 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது, ஜிபிஎல்-இல் வெளியிட்டார்கள். நூலகம் நடத்துகிறவர்களுக்கு மென்பொருள் கம்பெனி நடத்த ஆசையில்லை. வேறு யாராவது காசு வாங்கிக்கொண்டு பராமரிக்கட்டும் என்று வழிவிட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரி நூலகங்களில் கோஹாதான். அதை நிறுவிக் கொடுத்து, பார்கோடு ஒட்டவைத்து, பயிற்சி தந்து பிழைக்கிற தம்பிகள் செய்வதும் வணிகம்தான். அந்த வணிகம் இல்லையென்றால் கோஹா லெவினை விட்டு நகர்ந்திருக்காது.

எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு உள்ளூர் கம்பெனியிடம் மென்பொருள் வாங்கினோம். சிபியு-வின் பின்னால் ஒரு டாங்கிள், அதாவது செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும் சின்னக் கருவி. கழன்று விழக் கூடாதென்று நூலகர் அக்கா அதைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார். ஒருநாள் டாங்கிள் செத்துப்போனது. கம்பெனி அதற்கு முன்பே கடையை மூடியிருந்தது. திரையில் 'லைசென்ஸ் நாட் ஃபவுண்ட்'. உள்ளே இருந்த புத்தகப் பட்டியல் வெளியே வரவேயில்லை. புத்தகங்களை வந்த வரிசையில் எண் போட்டு எழுதிய அக்சஷன் ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு அக்கா முதல் எண்ணிலிருந்து மறுபடி தட்டினார். மூலநிரல் கையில் இருந்திருந்தால் பக்கத்துத் தெரு பொறியியல் மாணவன் ஐநூறு ரூபாய்க்குச் சரிசெய்து கொடுத்திருப்பான். புது உரிமத்தின்படி அந்த ஐநூறும் வணிகம்!

'பெரிய கம்பெனிக்காரன் எடுத்து விற்றுவிடுவானே?' விற்கட்டும். ஜிபிஎல்-படி வாங்குகிறவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளையும் அவன் கொடுத்தாக வேண்டும். சர்வரில் வைத்து வாடகைக்கு விடுவான் என்று பயந்தால் ஏஜிபிஎல் இருக்கிறது, மாற்றி சர்வரில் ஓட்டினாலும் பயன்படுத்துகிறவருக்கு மூலநிரலைக் கொடுக்கச் சொல்லும் உரிமம்; அதன் மூன்றாம் பதிப்பே 2007-இல் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், பெயரைக் காப்பாற்ற இந்த உரிமங்கள் போதாது. கோஹா என்ற பெயரையே ஒரு அமெரிக்க நிறுவனம் நியூசிலாந்தில் வணிகக்குறியாகப் பதியப் பார்த்தது. 2011-இல் விஷயம் வெடித்து, பல நாடுகளிலிருந்து நன்கொடை வந்து, அந்த ஹொரொஃபெனுவா அறக்கட்டளை எதிர்த்து நின்றது. ஆகவே பெயரைப் பதிந்து வையுங்கள். நிரலைப் பூட்டாதீர்கள்.

'நன்கொடையாளர்கள் கேள்வி கேட்பார்களே?' எந்த நன்கொடையாளர்? சொல்லுங்கள், நானே பேசுகிறேன்.

'நீ ஐடி கம்பெனிக்காரன், அதான் வணிகத்துக்கு வக்காலத்து' என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ஆமாம் அண்ணே, பகலெல்லாம் கம்பெனிக்கு உழைத்துவிட்டு ராத்திரி உங்களுக்கு உழைத்தேன். கம்பெனி சம்பளமாவது தந்தது. நீங்கள் பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து எங்கள் பெயர்களைத் தூக்கிவிட்டு, விழா மேடையில் டிரஸ்டிகளுக்குப் பொன்னாடை போட்டீர்கள். பந்தி பரிமாற மட்டும்தான் எங்களுக்கு அழைப்பு போல.

அப்புறம் இன்னொன்று. பழைய பதிப்பு ஜிபிஎல்-இல் வெளிவந்தது. நாங்கள் யாரும் பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் வரிகளின் உரிமத்தை மாற்ற எங்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு போன் வரவில்லை. பெயர்களைத் திரும்பப் போடுங்கள், உரிமத்தைப் பழையபடி ஆக்குங்கள். முடியாதென்றால் எங்கள் மெனுக்களை நீக்கிவிட்டு ஆங்கிலத்திலேயே ஓட்டிக்கொள்ளுங்கள். ஜிபிஎல் பதிப்பு என்னிடம் முழுசாக இருக்கிறது. வேண்டிய நூலகங்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். காசு வாங்கி நிறுவிக் கொடுக்கிற தம்பிகளும் கேட்கலாம்.