தென்காசிக்குப் போன அலுவலகம் ஹட்டனுக்கு வராதா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் உயர்தர (A/L) மாணவர்களுக்கு நடக்கிற வழிகாட்டல் கூட்டங்களில், சோஹோ என்ற மென்பொருள் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான தமிழ்நாட்டு ஸ்ரீதர் வேம்புவின் பெயர் அடிக்கடி வருகிறது. சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார், அமெரிக்கா போனார், கம்பனி தொடங்கினார், கோடீஸ்வரர் ஆனார், இப்போது வேட்டி கட்டிக்கொண்டு கிராமத்தில் சைக்கிள் ஓட்டுகிறார், முயன்றால் நீங்களும் ஆகலாம் என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் கைதட்டிவிட்டுப் பஸ் ஏறிப் போகிறார்கள். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. அந்த மனிதரின் வாழ்க்கையில் நமக்கு உதவாத பாதியை மட்டும்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவர் 1989இல் ஐஐடி மெட்ராஸில் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் முடித்தார். பிறகு குவால்காம் என்ற பெரிய தொலைத்தொடர்புத் தொழில்நுட்பக் கம்பனியில் வேலை. லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற பாதை அது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலைகள் எத்தனையோ இருக்கும்போது, அந்தப் பாதையைக் காட்டி "நீயும் வா" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுவது நியாயமே இல்லை.

நான் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு நடந்ததை. 1996இல் சகோதரர்களோடும் டோனி தோமஸோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். தொலைத்தொடர்புக் கருவிகள் செய்கிற கம்பனிகளுக்கு, வலையமைப்பை மேற்பார்வை செய்யும் மென்பொருளை விற்பதுதான் தொழில். வெளியாரிடம் முதலீடு வாங்கவில்லை. 2001 வாக்கில் டாட்காம் சரிவு, அதாவது இணையக் கம்பனிகளின் வீழ்ச்சி, வந்தது. வாங்கிக்கொண்டிருந்த கம்பனிகளில் பல மூடப்பட்டன. முதலீட்டாளர்கள் இருந்திருந்தால் அடுத்த கூட்டத்திலேயே ஆட்குறைப்பைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். இங்கே அப்படிக் கேட்க யாரும் இல்லை. கையில் இருந்த பொறியியலாளர்களையே வேறு வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். முதலில் கம்பனிகளின் கணினிகளையும் வலையமைப்பையும் பராமரிக்க உதவும் மேனேஜ்என்ஜின் வந்தது, 2005இல் இணையத்திலேயே அலுவலக வேலை செய்ய உதவும் சோஹோ வந்தது. 2009இல் கம்பனியின் பெயரையே சோஹோ என்று மாற்றினார்கள்.

ஆட்களைச் சேர்க்கும்போது அவர்கள் கவனித்த ஒரு விஷயம் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. கல்லூரியில் வாங்கிய புள்ளிக்கும் வேலையில் காட்டுகிற திறமைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று கண்டார்கள். சரி, அப்படியென்றால் பட்டம் எதற்கு? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது. மாறாகப் படிக்கிற காலத்தில் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறார்கள். சுமார் இரண்டு வருஷப் படிப்பு. அப்படிப் படித்து வந்தவர்கள் இன்று அந்தக் கம்பனியில் பட்டதாரிகளோடு சமமாக வேலை செய்கிறார்கள்.

அந்த மாதாந்தப் பணம் இல்லாமல் இதில் ஒன்றுமே இல்லை என்பேன். உயர்தரம் எழுதிய தம்பி கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடைக்குப் போவதும், தங்கச்சி யாரோ ஒருவர் வீட்டு வேலைக்குப் போவதும் படிப்பில் ஆசை இல்லாமலா? அம்மா கொழுந்து பறித்து வாங்குகிற சம்பளத்தில் அரிசிக்கடைக் கணக்கைக்கூட முழுதாகத் தீர்க்க முடியாது. 2021 வரைக்கும் நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொடவே போராட வேண்டியிருந்தது. அந்த வீட்டில் போய் "இலவசமாகத் தகவல் தொழில்நுட்பம் படி" என்றால் பிள்ளை எப்படி வரும்? இலவசம் என்பது மட்டும் போதாது. அந்த இரண்டு வருஷம் வீட்டுக்கு வராமல் போகிற வருமானத்தை யாராவது ஈடு செய்ய வேண்டும்.

அடுத்தது இடம். 2011இல் தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் திறந்தார்கள். 2019இல் வேம்புவே அங்கே குடிபோனார். சென்னையும் பெங்களூரும்தான் மென்பொருள் ஊர்கள் என்றிருந்த காலத்தில், குற்றாலத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்றார்கள். 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகப் பதவியை ஷைலேஷ் குமார் டேவியிடம் விட்டுவிட்டு, ஆராய்ச்சியைப் பார்க்கத் தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்கு வேம்பு மாறினார். (அவர் பேசுகிற அரசியல் எல்லாவற்றுக்கும் நான் உடன்பட்டவன் இல்லை. இங்கே நான் பேசுவது அவர் செய்த வேலையைப் பற்றி.)

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தென்காசியில் நடந்தது அப்படியே இங்கே நடக்காது. "ஊருக்குத் திரும்பு" என்று சொல்வதற்கு முதலில் ஊர் உன்னுடையதாக இருக்க வேண்டும். நம் முன்னோர் தோட்ட வேலைக்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து கணக்கு வைத்தால் 200 வருஷம் தாண்டியும் லயன் காம்பரா, அதாவது நாம் இருக்கிற தோட்ட வரிசை வீட்டு அறை, நம் பெயரில் இல்லை. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் (காணி அளவு) என்று காணிப் பேச்சு நீண்டுகொண்டே போகிறது. இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் விலாசம், கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் போகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேர் இருக்கும்போது "வீட்டிலிருந்தே வேலை செய்" என்று யாரிடம் சொல்வது? அதனால்தான் நமக்கு வீட்டுக்கு வெளியே, நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகிற தூரத்தில், கரண்டும் இணையமும் நிற்காத ஒரு கட்டடம் வேண்டும் என்கிறேன்.

கட்டடம் இல்லாமல் இல்லை. ஓடாமல் கிடக்கிற பழைய தேயிலை ஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள், மலைநாட்டில் இருக்கின்றன. கந்தப்பளையில் அப்படி ஒரு ஸ்டோர் பெரிய ஹோட்டலாகி வெள்ளைக்காரர் வந்து தங்குகிறார்கள். ஹோட்டலாகலாம் என்றால் நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற இடமாகவும் ஆகலாம். காணி தோட்டக் கம்பனியின் கையிலும் அரசாங்கத்தின் கையிலும் இருக்கிறது, கேட்க வேண்டியவர்கள் நம் பாராளுமன்ற உறுப்பினர்கள். தேர்தல் நேரத்தில் தகரமும் கதிரையும் கொடுப்பதை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்கட்டும்.

இலங்கையில் இதற்கு ஆட்களும் அனுபவமும் இல்லையென்றும் யாரும் சொல்ல முடியாது. சஞ்ஜீவ வீரவரண மற்றவர்களோடு சேர்ந்து 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 (WSO2) என்ற மென்பொருள் கம்பனி கொழும்பில் இருந்துகொண்டே உலகத்துக்கு மென்பொருள் செய்தது. 2024இல் அதை ஈக்யூடி என்ற ஐரோப்பிய முதலீட்டு நிறுவனம் வாங்குகிற அளவுக்கு வளர்ந்தது. இந்தத் திறமை இன்னும் கொழும்பை விட்டு மலையேறவில்லை, அவ்வளவுதான்.

கொழும்பில் மென்பொருள் கம்பனிகளில் நல்ல பதவியில் இருக்கிற மலையகத்து அண்ணன்மார், அக்காமார் இப்போது கொஞ்சப் பேர் இல்லை. உங்களிடம் நான் நன்கொடையோ ஊக்கப் பேச்சோ கேட்கவில்லை. உங்கள் கம்பனியின் ஒரே ஒரு வேலைக்குழுவை, சோதனைப் பிரிவோ வாடிக்கையாளர் உதவிப் பிரிவோ எதுவானாலும், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வைக்க முடியுமா என்று உங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். உயர்தரம் முடித்த பத்துப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துப் பயிற்றுவிக்க எவ்வளவு செலவாகும் என்ற கணக்கையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.