மூன்றாவது கன்ட்ரோலர் யார் கையில்? — சீக்ரெட் ஆஃப் மானாவைத் திரும்ப ஆடிய பிறகு

"சீக்ரெட் ஆஃப் மானாவா? அழகான பழைய கேம்" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வண்ணங்களைப் பாராட்டுவார்கள், இசையைப் பாராட்டுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். இது மூன்று பேர் சேர்ந்து ஆடும்படி செய்த கேம். இதன் கதையும் மூன்று பேர் சேர்ந்திருக்க முடியாமல் போவதைப் பற்றியது. ஆடும் விதமும் கதையும் ஒன்றையொன்று இப்படித் தாங்கி நிற்கிற கேம்கள் குறைவு. சமீபத்தில் நின்டெண்டோ ஸ்விட்ச்சில், கலெக்‌ஷன் ஆஃப் மானா தொகுப்பில் இருக்கும் பழைய வடிவத்தையே முதலிலிருந்து கடைசி வரை ஆடினேன். அக்கா பிள்ளைகள் இருவரும் கூட ஆடினார்கள். அதற்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் 1993 ஆகஸ்ட்டில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் என்கிற கேம் கருவிக்கு வெளியிட்ட ஆக்‌ஷன் ஆர்பிஜி இது, அதாவது பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே நேரடியாகச் சண்டை போடும் வகை. அங்கே இதன் பெயர் சேய்கென் டென்செட்சு 2. முதல் பாகம் 1991-இல் கேம் பாய் என்கிற கையடக்கக் கருவிக்கு வந்தது. இயக்கியவர் கோய்ச்சி இஷீ. வடிவமைப்பில் ஹிரோமிச்சி தனகா. புரோகிராம் எழுதியவர் ஈரானில் பிறந்து அமெரிக்காவில் ஆப்பிள் 2 கணினி கேம்களால் பெயர் வாங்கிய நாசிர் கெபெல்லி. முதல் மூன்று ஃபைனல் ஃபேன்டசி கேம்களையும் எழுதியவர் அவர்தான். ஸ்கொயரில் அவருடைய கடைசி வேலை இந்த கேம்.

முதலில் இதை சூப்பர் ஃபாமிகாமோடு இணையும் சிடி கருவிக்காகத்தான் திட்டமிட்டார்கள். நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து செய்வதாக இருந்த அந்தக் கருவி, இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே முறிவு வந்ததால் வெளிவரவே இல்லை. கையில் இருந்ததையெல்லாம் 16 மெகாபிட் கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது வெறும் 2 மெகாபைட்டுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. ஏகப்பட்டதை வெட்டினார்கள். இன்னும் இருண்ட கதையும் பல முடிவுகளும் யோசனையில் இருந்ததாகத் தனகா பின்னால் சொல்லியிருக்கிறார். வெட்டிய தடம் கேமில் தெரியத்தான் செய்கிறது. இரண்டாம் பாதியில் பேரரசன், அவனுடைய தளபதிகள், தங்கநகரம் என்று ஒவ்வொன்றும் வந்த வேகத்தில் போய்விடும். ஆனாலும் பல முடிவுகள் வராமல் போனதே நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தக் கதைக்கு ஒரே ஒரு முடிவுதான் இருக்க முடியும்.

சண்டையைப் பற்றிப் பேசாமல் இந்த கேமைப் பேச முடியாது. வாளை ஒருமுறை வீசினால் திரையின் அடியில் இருக்கும் எண் 0%-க்கு விழும், பிறகு மெல்ல 100 வரை ஏறும். அது நிறைவதற்குள் திரும்ப வீசலாம், தடையில்லை. ஆனால் அடியில் பலம் இருக்காது. பட்டனை மளமளவென்று அழுத்திப் பழகிய கைக்கு முதல் ஒரு மணி நேரம் இது எரிச்சலைத்தான் கொடுக்கும். பிறகு புரியும்: அடி, விலகு, சுற்றி வா, எண் நிறைந்ததா பார், திரும்ப அடி. தனியாக ஆடும்போது அந்த இடைவெளி வெறும் காத்திருப்பு. மூன்று பேர் ஆடும்போது அது அடுத்தவருடைய முறை. நான் விலகி நிற்கிற அந்தச் சில நொடியில் அக்கா பையன் ஈட்டியால் குத்துவான், அவன் விலகும்போது அவன் தங்கை தூரத்திலிருந்து பூமராங் எறிவாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒரு தாளம் அமைந்துவிடுகிறது. சில முன்னணி விமர்சனங்களில் இந்த சதவீத முறையைப் பழங்காலத்துக் குறை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று பேருக்காக யோசித்த ஒன்றை ஒருவராக உட்கார்ந்து அளப்பதால் வருகிற தீர்ப்பு அது.

வேலைப் பிரிவையும் கவனியுங்கள். கதாநாயகப் பையன் ராண்டிக்கு மந்திரம் ஒன்றுகூட வராது. கடைசி வரை வராது. 1993-இல் ஒரு ஆர்பிஜியின் நாயகனுக்கு இப்படி ஒரு வரம்பு போட்டது பெரிய துணிச்சல். பெண் பிரிம்முக்குக் குணப்படுத்தும், காக்கும் மந்திரங்கள். போப்போய் என்கிற குட்டி வனத்தேவதைக்குத் தாக்கும் மந்திரங்கள். வழியில் எட்டு ஆவிகள் வந்து சேரும். உண்டீன் தண்ணீருக்கு, சாலமாண்டோ நெருப்புக்கு என்று ஒவ்வொன்றும் இவர்கள் இருவருக்கும் வேறுவேறு மந்திரங்களைத் தரும். ஒளியின் ஆவி லூமினா பெண்ணுக்கு மட்டும், நிழலின் ஆவி ஷேட் போப்போய்க்கு மட்டும். கதையின் மையமான மானா வாளை உருவியவன் ராண்டிதான், ஆனால் மற்ற இரண்டு பேர் இல்லாவிட்டால் அவன் ஒரு குகையைக்கூடத் தாண்ட மாட்டான்.

திரையும் அப்படித்தான். மூவரும் ஒரே திரைக்குள் இருக்க வேண்டும். ஒருவர் பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மற்ற இருவரும் முன்னால் நகர முடியாது. கூட ஆள் இல்லாமல் கணினியே அந்த இருவரையும் ஓட்டும்போது இது பெரும் தொல்லை. அவை எந்தப் புத்தியும் இல்லாமல் மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும், நாம் திரும்பிப் போய் அழைத்து வர வேண்டும். பிள்ளைகளோடு ஆடியபோது அதே விதி "இரு, அவள் வரட்டும்" என்று மாறிவிட்டது. இடையில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஒருவர் எழுந்து போகலாம், அவர் பாத்திரத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும். வந்தால் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். இன்றைக்குப் பெரிய சிறப்பம்சமாக விளம்பரம் செய்யப்படுகிற வசதி அப்போதே இதில் இருந்தது.

குறைகளை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மந்திரம் ஏறிய பிறகு பாஸ் சண்டைகள், அதாவது பெரிய எதிரிகளோடு போடும் சண்டைகள், பாழாகின்றன. ஒரு மந்திரம் போட்டு அதன் காட்சி ஓடும்போதே அடுத்ததையும் போட்டுவிட்டால் எதிரி அசையவே முடியாது. மந்திரச் சக்தி தீரும் வரை அடுக்கிக்கொண்டே போகலாம். ட்ரோபிகாலோ போன்ற ஆரம்பகால எதிரிகளிடம் இருந்த பரபரப்பு பின்பாதியில் காணாமல் போகிறது. மந்திரத்தின் லெவலை ஏற்றுவது இன்னும் சலிப்பு. ஊருக்குப் பக்கத்தில் நின்று ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டு, விடுதியில் தூங்கி எழுந்து, மறுபடி அதையே செய்ய வேண்டும். ஆங்கில வசனமும் மெலிந்து கிடக்கிறது. டெட் வூல்ஸி அதை 30 நாளில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, எழுத்துருவின் அகலம் காரணமாக நிறைய வரிகளைச் சுருக்கவும் வேண்டியிருந்தது. அதனால் பிரிம்மின் துக்கம் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அவள் வீட்டை விட்டு வந்ததே தான் நேசித்த டைலக்கைத் தேடித்தான். நாம் முதலில் அவன் போயிருக்கும் சூனியக்காரி எலினியின் கோட்டைக்குப் போகாமல் குள்ளர்கள் ஊருக்குக் கிளம்பினால் "நான் தனியாகப் போகிறேன்" என்று பிரிந்தே போய்விடுவாள். இவ்வளவு பிடிவாதமான பெண்ணுக்கு இன்னும் பத்து வரி எழுத இடம் கிடைத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனம் கேட்கிறது.

இசையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. ஹிரோக்கி கிகுதாவுக்கு இதுதான் முதல் கேம். தயாராகக் கிடைத்த வாத்திய ஒலிகளை எடுத்துக்கொள்ளாமல், சூப்பர் ஃபாமிகாமின் ஒலிச் சில்லுக்கு ஏற்றபடி தானே ஒலிகளை உருவாக்கினார். அதனால்தான் இதன் மணியோசையும் புல்லாங்குழலும் வேறெந்த கேமிலும் கேட்காத மாதிரி இருக்கின்றன. கேம் தொடங்கும்போது திமிங்கலம் அழைப்பது போல ஒரு ஒலி எழும், பிறகு பியானோ மெல்ல நுழையும். திரையில் ஹிரோ இசோனோ வரைந்த பிரம்மாண்டமான மரம், அதன் அடியில் எறும்பளவு மூன்று உருவங்கள். கேம் என்ன சொல்லப்போகிறது என்பது முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. வில்லனான மந்திரவாதி தானடோஸோடு மோதும் இடத்தில் ஒலிக்கும் இசையைக் கேளுங்கள். பாலித்தீவின் கமெலான் போல உலோகத்தட்டுகள் அதிர்கின்றன, தாளம் எங்கே விழும் என்று பிடிபடவே மாட்டேன் என்கிறது. அந்தச் சில்லில் ஒலிக்கு எட்டே தடங்கள்தான். வாள் சத்தமும் மந்திரச் சத்தமும் வந்தால் இசையின் ஒரு பகுதி விட்டுப்போகும். ஆகவே சண்டை இல்லாத நேரத்தில் ஒருமுறை நின்று முழுசாகக் கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் அப்படிப் பல இடங்களில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டோம்.

இனி முடிவுக்கு வருகிறேன். போப்போய் முதலில் அறிமுகமாவது குள்ளர்கள் ஊரில், காசு வாங்கி வேடிக்கை காட்டும் இடத்தில். நினைவை இழந்த பாவப்பட்ட குட்டி என்று நம்பிக் காசைக் கொடுத்த பிறகுதான் தெரியும், அது ஊர்ப் பெரியவரோடு சேர்ந்து போட்ட நாடகம் என்று. அன்றிலிருந்து அது விளையாட்டும் வாயாடித்தனமுமாகவே கூட வரும். எங்கள் வீட்டில் அந்தப் பாத்திரம் அக்கா மகளுடையது. அவளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். மானா என்பது அந்த உலகத்துக்கு மந்திரத்தைத் தரும் சக்தி. கதையின் கடைசியில் மானா கோட்டையை அழிக்க மானா மிருகம் எழுகிறது. அதைக் கொல்லாவிட்டால் உலகமே எரியும். கொன்றால் உலகத்திலிருந்து மானா போய்விடும், மானா இல்லாத உலகத்தில் போப்போயின் இனம் இருக்க முடியாது. ராண்டி தயங்குகிறான். அவனைச் சண்டைக்குத் தள்ளுவது போப்போயே.

இந்தச் சண்டையை வடிவமைத்த விதத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்த மிருகத்தின்மேல் மானா வாளைத் தவிர வேறெதுவும் எடுபடாது. வாள் விழித்தெழ வேண்டுமென்றால் பிரிம்மும் போப்போயும் இருவருமே தங்கள் மந்திரத்தை அதன்மேல் போட வேண்டும். ஒருவர் போட்டால் போதாது. கேம் முழுவதும் யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்பதன் கணக்கு அங்கே வந்து நிற்கிறது. மூன்றாவது கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவர் தன் பாத்திரம் மறையப்போவதைத் தெரிந்துகொண்டே, தன் கையால் பட்டனை அழுத்தி அந்த மந்திரத்தைப் போட வேண்டும். மந்திரத்தின் நேரம் தீர்ந்தால் திரும்பவும் போட வேண்டும். அக்கா மகள் முதல்முறை போடவில்லை. "போட்டா இது செத்துருமா மாமா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் அண்ணன் எதுவும் பேசாமல் பிரிம்மை வைத்து எங்கள் இருவரையும் குணப்படுத்திக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. பிறகு அவளாகவே மெனுவைத் திறந்தாள். மிருகம் வெடித்து வெள்ளைத் துகள்களாக, பனி மாதிரி உதிர்ந்தபோது அவள் கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

தனியாக ஆடியிருந்தால் அந்தக் காட்சி கதையில் வரும் ஒரு சோகம், அவ்வளவுதான். மூன்று கன்ட்ரோலர்களையும் நானே வைத்திருந்தால் இழப்பவரும் நானே, இழக்கச் சொல்பவரும் நானே. இங்கே ஒரு குழந்தையிடம் அவள் ஆசையாக வளர்த்ததை விட்டுக்கொடு என்று கேம் கேட்டது, அவள் யோசித்து விட்டுக்கொடுத்தாள். மந்திரத்தின் லெவலை ஏற்ற அவள் செலவழித்த மணிக்கணக்கான நேரமும், நான் மேலே குறை சொன்னேனே அந்தச் சலிப்பான வேலை, அதுவும் சேர்ந்துதான் அந்த ஒரு பட்டனைக் கனமாக்கியது. வளர்த்த மந்திரம் முழுவதையும் உலகத்திலிருந்தே எடுத்துவிடுகிற கேம் இது. புதிய ஆர்பிஜிகளில் கதை முடிந்தாலும் சேர்த்த பொருள், சேர்த்த பலம் எல்லாம் நம் கையிலேயே இருக்கும், அடுத்த சுற்றுக்கும் கொண்டுபோகலாம். எதையும் இழக்கவிடாத அந்தத் தாராளத்தில் எனக்கு மதிப்பில்லை.

2018-இல் வந்த முப்பரிமாண ரீமேக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: விடுதியில் தங்கும்போது மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் காட்சிகளைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். மூலத்தில் வசனம் மெலிந்த குறையை அது ஓரளவு தீர்க்கிறது. மூன்று பேர் சேர்ந்து ஆடும் வசதியையும் விட்டுவிடவில்லை, விரும்பினால் பழைய இசைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குரல் பேசும்போது வாய் அசையாத பொம்மை முகங்கள் அந்தப் பேச்சிலிருந்து உயிரை உறிஞ்சிவிடுகின்றன. பழைய வடிவத்தில் சில புள்ளிகளால் ஆன குட்டி உருவம் தலையைக் குனிந்தாலே துக்கம் புரிந்தது.

அதைவிட எனக்கு வருத்தம் இந்தத் தொடர் போன திசையில்தான். அடுத்து 1995-இல் ஜப்பானில் வந்த ட்ரையல்ஸ் ஆஃப் மானாவில் இருவர் சேர்ந்து ஆடலாம். அதன் 2020 ரீமேக்கில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2024-இல் வந்த விஷன்ஸ் ஆஃப் மானாவும் ஒருவருக்கான கேம். பார்க்க மிக அழகு, கூட்டாளிகள் நிறையப் பேர், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் வேலையே இல்லை. சேர்ந்து ஆடுவதை ஓரமாக ஒட்டிய வசதி என்று ஸ்கொயர் எனிக்ஸ் (ஸ்கொயரின் இன்றைய பெயர்) நினைத்துவிட்டது. மானாவின் கதைக்கு அதுதான் முதுகெலும்பு என்பதை அந்த நிறுவனத்தில் யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

ஆட நினைப்பவர்களுக்கு: ஸ்விட்ச்சில் கலெக்‌ஷன் ஆஃப் மானாவை வாங்குங்கள். எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யும் வசதி இருப்பதால் பள்ளி நாட்களில்கூட அரை மணி நேரம் ஆடி நிறுத்தலாம். இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போப்போயை யார் எடுத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், முடிவில் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.